மேடையில் சொல்லும் முன் ஆயாவிடம் கேளுங்கள்

கேள்வி: நாங்கள் வியாசர்பாடி பி.வி. காலனியில் வசிக்கிறோம். தாத்தாவும் ஆயாவும் 1965-ல் பர்மாவிலிருந்து வந்தவர்கள். அப்போது பெரியப்பா நான்கு வயதுக் குழந்தை. அப்பாவும் அத்தையும் பிறந்தது இங்கேதான். தாத்தா இறந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆயாவுக்கு 84 வயது. நினைவு தெளிவாக இருக்கிறது. வரும் காணும் பொங்கலன்று எர்ணாவூர், செங்குன்றம், பெங்களூர் என்று பிரிந்து கிடக்கும் சொந்தங்கள் எழுபது பேரையும் எம்.கே.பி. நகரில் ஒரு மண்டபத்தில் கூட்டுகிறோம். குடும்ப வரலாற்றைப் படங்களோடு திரையில் காட்டிச் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு சிக்கல்கள். தாத்தா பர்மாவிலிருந்து காடு மலை தாண்டி நடந்தே வந்தார் என்று பெரியப்பா எல்லா விசேஷத்திலும் சொல்வார். ஆயாவின் தம்பி, “எல்லோரும் கப்பலில்தான் வந்தோம், நானும் கூட இருந்தேன்” என்பார். பேச்சு சண்டையில் முடியும். இரண்டாவது, படம் தேடி ஆயாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் துணிக்குள் சுற்றி ஒரு பழைய புகைப்படம் இருந்தது. பர்மியப் பெண் ஒருவர், மடியில் நான்கு வயதுச் சிறுமி. பின்பக்கம் பர்மிய எழுத்தில் இரண்டு வரி. அதற்குக் கீழே தாத்தாவின் கையெழுத்தில் “என் மகள், 1957”. தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் திருமணம் நடந்தது 1960-ல். பெரியப்பாவிடம் காட்டினேன். “கண்டதைக் கிளறாதே, பெட்டியில் போடு” என்றார். என் தங்கையோ, வரலாறு என்றால் முழுவதும் சொல்ல வேண்டும், மறைத்தால் பொய் என்கிறாள். ஆயாவிடம் இன்னும் கேட்கவில்லை. சொல்வதா, விடுவதா? அந்தச் சிறுமி எங்கேனும் உயிரோடு இருந்தால் தேட முடியுமா?

– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தைக் காணும் பொங்கலன்று திரையில் காட்டாதீர்கள். பெரியப்பா சொன்னபடி பெட்டியில் போட்டு மூடிவிடவும் வேண்டாம். கூடலுக்கு வெகு முன்னதாகவே, ஆயா தனியாக இருக்கும் ஒரு வேளையில், அதை அவர் கையில் கொடுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒரு செய்தியை நீங்களே கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். தாத்தா இறந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. பெட்டி ஆயாவுடையது. இந்த இருபது ஆண்டுகளில் அவர் அந்தப் படத்தைக் கிழித்திருக்கலாம், அடுப்பில் போட்டிருக்கலாம்; யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அதைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறார். ஆயாவுக்குத் தெரியாத ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நீங்கள் தவிக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை காலம் அதைக் காத்து வந்தவரே அவர்தான். அதை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்யும் முதல் உரிமையும் அவருடையது. பெரியப்பாவுக்கு அடுத்த இடம். உங்களுக்கும் உங்கள் தங்கைக்கும் எனக்கும் அதற்குப் பிறகுதான்.

குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வது என் பணி. பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களின் கதைகளை வட சென்னையில் நிறையக் கேட்டிருக்கிறேன். பர்மியப் பெண்களை மணந்த தமிழர்கள் அங்கே அரிதல்ல. ஆனால் உங்கள் தாத்தாவின் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதைப் புகைப்படத்தின் பின்னால் இருக்கும் இரண்டு சொற்களும் ஓர் ஆண்டும் சொல்லிவிடாது. அந்தப் பெண் 1960-க்கு முன்பே இறந்திருக்கலாம். பிரிந்திருக்கலாம். கணவர் அந்நியராகப் பதிவு செய்துகொண்டவராகவும் மனைவி அந்த நாட்டுக் குடிமகளாகவும் இருந்த வீடுகள் அன்று இருந்தன. கப்பல் ஏறும் நாளில் அந்த வேறுபாடு குடும்பத்தையே இரண்டாக்கியது. இன்னொன்றும் நடந்திருக்கலாம்: 1960-க்கும் 1965-க்கும் இடையில் அந்தச் சிறுமி உங்கள் ஆயாவின் வீட்டிலேயே வளர்ந்திருக்கலாம். ஆயாவே அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டிருக்கலாம். அப்படி இருந்தால், நீங்கள் கையில் வைத்திருப்பது தாத்தாவின் தவறுக்குச் சான்று ஆகாது. ஆயா விட்டுவிட்டு வந்த ஒரு குழந்தையின் படம் அது.

பெரியப்பாவின் கோபத்தையும் அந்தக் கோணத்தில் பாருங்கள். நான்கு வயதில் கப்பல் ஏறியவர் அவர். தன்னைத் தூக்கி வைத்துக்கொண்ட ஓர் அக்காவின் மங்கலான நினைவு அவருக்கு இருக்கக் கூடாதா? “கிளறாதே” என்பதை மானத்துக்கு அஞ்சுபவரின் பேச்சாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது வலிக்கிறவரின் பேச்சாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று தெரியும்வரை அவரோடு வாதாடாதீர்கள்.

ஆயாவிடம் எப்படிக் கேட்பது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. காலை வேளையில் போங்கள். வயதானவர்களுக்கு மாலைக்குள் உடலும் மனமும் களைத்துவிடும். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாக இருக்கட்டும், தங்கையும் வேண்டாம். முதல் நாளே படத்தை நீட்டாதீர்கள். வேறு படங்களோடு தொடங்குங்கள். “பர்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் ஆயா” என்று கேட்டால் இதுவரை நூறு முறை சொன்ன அதே நான்கு வாக்கியங்கள்தான் வரும். “உங்கள் வீட்டுக்கு எதிரே என்ன கடை இருந்தது? தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்? மொய்ங்கா (மீன் குழம்பில் செய்யும் பர்மிய நூடுல்ஸ்) யார் செய்வார்கள்? தாத்தா வேலைக்குப் போனபின் வீட்டில் யார் யார் இருப்பீர்கள்?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் எண்ணிச் சொல்லும் ஆட்களில் அந்தச் சிறுமியும் இருக்கக்கூடும். இல்லாமலும் போகலாம்.

பிறகு ஒரு நாள் படத்தைக் கொடுங்கள். “பெட்டியில் இருந்தது ஆயா, துணியோடு அப்படியே வைத்திருக்கிறேன்” என்பதற்கு மேல் எதுவும் சொல்லாதீர்கள். யார் இவர் என்றுகூடக் கேட்க வேண்டாம். அவர் மௌனமாக இருந்தால் இருக்கட்டும். அந்த மௌனத்தை உங்கள் பேச்சால் நிரப்பிவிடாதீர்கள். அழுதால் “அழாதீர்கள், விடுங்கள்” என்று பேச்சை மாற்றுவது நம் எல்லோருக்கும் வழக்கம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம், ஆனால் அழுபவருக்கு அது “இதைப் பேசாதே” என்றுதான் கேட்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும். கைபேசியில் பதிவு செய்வதானால் அவர் கண் முன்னே வைத்து, கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். இந்தப் படத்தைப் பற்றிய பேச்சை முதல் முறை பதிவு செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து.

அந்த இரண்டு வரி பர்மிய எழுத்தைப் படிக்க, காலனியில் பர்மியம் தெரிந்த பெரியவர் யாரிடமாவது காட்டலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொன்னால் மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும், ஆயாவுக்கு அது தெரு வழியாக வந்து சேரும். அங்கேயே பிறந்து வளர்ந்த ஆயாவுக்கே அந்த எழுத்து தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் படம் போகக் கூடாது. ஒருமுறை போனால் திரும்ப எடுக்க வழியில்லை.

ஆயா வேண்டாம் என்றால்? அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். “உங்கள் காலத்துக்குப் பிறகு நாங்கள் சொல்லலாமா?” என்று ஒரே ஒரு முறை மென்மையாகக் கேட்டு, அவர் சொல்லும் பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். படத்தை மறுபடி அதே துணியில் சுற்றி வையுங்கள்.

உங்கள் தங்கையின் கேள்வி நேர்மையானது, அதற்கும் பதில் வேண்டும். சொல்லாமல் இருப்பதும் பொய் சொல்வதும் ஒன்று என்று நான் நினைக்கவில்லை. காணும் பொங்கலன்று இந்தக் கிளையைப் பற்றி நீங்கள் பேசாமல் இருக்கலாம். ஆனால் “தாத்தாவுக்கு மூன்றே பிள்ளைகள், பெரியப்பாதான் மூத்தவர்” என்று திரையில் எழுதாதீர்கள். குடும்ப மரம் வரைந்து, எல்லாக் கிளையும் அடங்கிவிட்டது போல் கட்டம் கட்டாதீர்கள். பெரிதாக்கிச் சட்டம் போட்ட குடும்ப மரம் சுவரில் மாட்டப்பட்டுவிட்டால் அதன் பிறகு அதில் ஒரு பெயரைச் சேர்ப்பது பெரும் போராட்டம். விடுபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வந்து நின்றாலும் சுவரில் இடம் கிடைக்காது. எனவே மரமே வேண்டாம். “இங்கே வந்திருப்பவர்களின் உறவுமுறை” என்று தலைப்பிட்ட ஒரு தாள் போதும். அதில் பொய் இல்லை, யாரையும் மறுக்கவும் இல்லை.

ஆயா சரி என்றால், அடுத்து பெரியப்பா, பிறகு உங்கள் அப்பா, அத்தை. மூவருக்கும் கூடலுக்கு முன்பே, வீட்டுக்குள், முடிந்தால் ஆயா வாயாலேயே தெரிய வேண்டும். தங்களுக்கு ஓர் அக்கா உண்டு என்ற செய்தியை, எழுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும்படி எந்தப் பிள்ளையையும் வைக்கக் கூடாது. அவர்கள் அதைத் தாங்கிக்கொள்ளக் காலம் வேண்டும். இந்தப் பொங்கலுக்குள் அது நடக்காவிட்டால் அடுத்த பொங்கல் வரும்.

இனி நடையா, கப்பலா என்ற சண்டை. எனக்கு இதில் மகிழ்ச்சியே, ஏனென்றால் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. பர்மாத் தமிழர்கள் இரண்டு முறை வெளியேறினார்கள். ஜப்பானிய விமானங்கள் 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. அந்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் மலைகளைக் கடந்து சிட்டகாங் பக்கமும், தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் பல்லாயிரம் பேர். போர் முடிந்ததும் பிழைத்தவர்களில் பலர் திரும்பப் பர்மாவுக்கே போனார்கள். தொழிலும் வீடும் அங்கேதான் இருந்தன. இரண்டாவது வெளியேற்றம் 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி வந்தபின். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போய், கையிருப்பும் காகிதமான நிலையில் வந்தவர்கள்தான் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

உங்கள் தாத்தாவின் வயது என்ன? 1930-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்றால் 1942-ல் விவரம் தெரிந்த சிறுவன். தன் பெற்றோரோடு நடந்து வந்து, போருக்குப் பின் திரும்பிப் போய், 1965-ல் மனைவி மகனோடு கப்பலில் வந்திருக்கலாம். மகனிடம் அவர் தன் பிள்ளைப் பருவத்து நடையைச் சொல்லியிருப்பார். ஆயாவின் தம்பி கண்ணால் பார்த்தது கப்பலை. இரண்டு பயணங்கள் ஒரே கதையாகக் கலந்துபோன வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே பெரியப்பாவை யாரும் மேடையில் திருத்த வேண்டாம். கூடலுக்கு முன்பே அவரிடம் போய், “நடந்து வந்தபோது தாத்தாவுக்கு என்ன வயது, பெரியப்பா?” என்று மட்டும் கேளுங்கள். சண்டை அந்த ஒரு கேள்வியில் கரைந்துவிடக்கூடும். தாத்தாவின் நினைவை அவர் பொய்யாக்கவில்லை என்ற நிம்மதியும் அவருக்குக் கிடைக்கும். படத்தைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் அந்த நிம்மதி உங்களுக்கு உதவும்.

ஆண்டுகளைப் பெரியவர்கள் எண்களாக நினைவு வைத்திருப்பதில்லை, நிகழ்ச்சிகளாக வைத்திருப்பார்கள். கப்பல் வந்தது தனுஷ்கோடிப் புயலுக்கு முன்பா, பின்பா என்று கேளுங்கள்; அந்தப் புயல் 1964 டிசம்பரில் அடித்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது (1965 ஜனவரி) எங்கே இருந்தீர்கள், எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது (1967 ஜனவரி) காலனிக்கு வந்துவிட்டீர்களா, அண்ணா மறைந்தபோது (1969 பிப்ரவரி) யார் கைக்குழந்தை என்று கேட்டால் ஆண்டு தானாக வந்து உட்காரும்.

கூடல் நாளுக்கு வருவோம். திரையில் நீங்கள் ஒரு மணி நேரம் பேசுவதை நான் விரும்பவில்லை. எழுபது பேர் ஒரே கூரையின் கீழ் இருப்பது கேட்பதற்குக் கிடைத்த வாய்ப்பு. அதைச் சொற்பொழிவில் செலவழித்துவிடாதீர்கள். பதினைந்து நிமிடத்தில் நிறுத்துங்கள். பெரியவர்கள் கையில் மைக்கையும் கொடுக்காதீர்கள். மைக் வந்தால் எல்லோரும் வாழ்த்துரைதான் வழங்குவார்கள். அதற்குப் பதில், மண்டபத்தின் சத்தம் குறைந்த மூலையில் நீளமாக ஒரு மேசை போட்டு, பழைய படங்களின் நகல்களைப் பரப்பி வையுங்கள். பக்கத்தில் காகிதமும் பென்சிலும். பின்சுவரில் பெரிய வரைபடம் ஒன்று: ரங்கூன், மோல்மீன், மெட்ராஸ். யார் எங்கே பிறந்தார் என்று குறிக்கட்டும். பர்மிய உணவுகளான அத்தோவும் பேஜோவும் அந்த மேசைக்கு அருகிலேயே பரிமாறுங்கள். தட்டோடு நிற்பவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், பார்த்தால் பேசுவார்கள்.

அந்த மேசைக்கு மருமகள்களை அழைத்து வாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. வீட்டுக் கதைகளைப் பிள்ளைகளைவிட அதிகம் அறிந்தவர்கள் மருமகள்கள்தான். நாற்பது ஆண்டுகள் மாமியாரோடு ஒரே அடுப்படியில் நின்றவர்களிடம், பெற்ற மகனிடம் சொல்லாததையெல்லாம் மாமியார்கள் சொல்லியிருப்பார்கள். உங்கள் பெரியம்மாவை இதுவரை யாரேனும் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்களா?

மேசையில் அசல் படம் ஒன்றுகூட இருக்க வேண்டாம். ஆல்பத்தில் பசையோடு ஒட்டியிருக்கும் படங்களைப் பிய்த்து எடுக்காமல், பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் கைபேசியிலேயே எடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், பிரிக்க முடியாது, படம் உள்ளேயே கெடும். பின்பக்கம் பெயர் எழுத பால்பாயின்ட் பேனா கூடாது, மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தின் தெளிவு குறைந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியில் படங்கள் தவிர என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். கப்பல் பயணத்துக்குக் கொடுத்த தாள்கள் இருந்தால் அவற்றில் யார் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். அந்நியர் பதிவுச் சான்று இருக்கலாம். தாயகம் திரும்பியோருக்காக 1969-ல் தொடங்கிய ரெப்கோ வங்கியின் பங்குச் சான்று, பர்மா பஜார் கடை தொடர்பான சீட்டு எதுவாக இருந்தாலும் தேதி உள்ள எல்லாமே உங்களுக்குத் துணை.

கடைசியாக, தேட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். படத்தில் இருக்கும் சிறுமி இன்று எழுபதைத் தாண்டியிருப்பார். உறவுமுறையில் உங்களுக்கு அவர் அத்தை. தேடல் எளிதாக இருக்காது. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரும் சேராது. பிறந்த கிழமையை ஒட்டிப் பெயர் வைப்பார்கள், ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். எனவே பெயரைவிட ஊர், தெரு, பக்கத்தில் இருந்த கோயில் அல்லது பகோடா, தாயின் பெயர், தாய்மாமன்களின் தொழில் இவைதான் வழிகாட்டும். இவை அனைத்தும் ஆயாவிடம் மட்டுமே இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அந்த நாட்டில் மக்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். முகநூலில் படத்தைப் போட்டு “இவரைத் தெரியுமா” என்று கேட்பது அங்கே இருப்பவருக்குத் தொல்லையாக முடியலாம். அவரும் தன் பிள்ளைகளிடம் சொல்லாமல் வைத்திருக்கிற ஒரு கதை இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

தேட வேண்டும் என்று ஆயா விரும்பினால், அவர் சொல்லும் ஊரையும் தெருவையும் எழுதிக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். பெயர்களைக் கடிதத்தில் குறிப்பிடாதீர்கள், நேரில் பேசிக்கொள்வோம். அங்கிருந்து என்ன செய்ய முடியும் என்று சேர்ந்து பார்ப்போம்.